பேசிக்கொண்டே நீந்துகிறவள்

"...அப்புறம் ரெண்டாவது தட்டு ரொட்டி கருகிப்போச்சு. நான் கருக்கல. அடுப்புதான் கருக்குச்சு." சொல்லிக்கொண்டே தண்ணீரை இரு கையாலும் விலக்கி முன்னே போகிறாள். தவளை நீச்சல். தாடை தண்ணீருக்கு மேலே, வாய் ஓயாமல். பக்கத்தில் பந்து வீசி விளையாடும் பள்ளிப் பிள்ளைகள், யாரோடு பேசுகிறாள் என்று சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். ஒருவரும் இல்லை.

எல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான். ஏழாம் மாதத்திலும் நீந்தலாமா என்று கேட்டதற்கு, "தாராளமா. பேசிக்கிட்டே நீந்த முடியிற வேகத்துல போங்க. பேச்சு திக்குனா நிறுத்திடுங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் வேகத்தை மட்டும் குறைத்திருப்பார்கள். இவள் பேச்சையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குளத்தில் இறங்கியதும் திறக்கும் வாய், கரையேறினால்தான் மூடும்.

வேலை பேக்கரியில். காலை முழுக்க மாவு மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றபடி. நீல மேலங்கியில் வயிற்றின் உச்சியில் மட்டும் வெள்ளையாக மாவு அப்பியிருக்கும். "எனக்கு முந்தி இது போய் மேசையில நிக்குது. இதுக்கும் சேத்துச் சம்பளம் குடுங்க" என்பாள் முதலாளியிடம். மதியத்துக்குள் கணுக்கால்கள் பிசைந்து வைத்த மாவாக உப்பிவிடும். வேலை முடிந்ததும் நேரே பக்கத்துத் தெரு நீச்சல் குளம். மார்பளவு தண்ணீரில் நின்றதும், தூக்கி வந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல ஒரு பெருமூச்சு.

குளத்தைக் காவல் காக்கும் பெண் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கப்பல். "ஏய் பசங்களா, கப்பல் வருது, ஒதுங்குங்க!" கப்பலுக்கு அதில் பெருமைதான்.

"நான் நீந்துனா இது தூங்குது. மல்லாந்து மிதந்தா முழிச்சுக்குது. ஏன்க்கா?" என்று காவல்காரியைக் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவோ, தொட்டிலில் ஆட்டுவது போலத்தான் என்று சொல்லி முடித்துவிட்டார். அதில் இவளுக்குத் திருப்தி இல்லை. இடப்பக்கம் சாய்ந்து பார்த்தாள், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். காது வரை தண்ணீரில் அமிழ்ந்து 'ம்ம்ம்' என்று முனகிவிட்டுக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. "கேக்குதுக்கா! அவ்வளவு தண்ணிக்குள்ளயும் காது கேக்குது!"

வீட்டில் நீச்சல் பேச்சை எடுத்தாலே மாமியார் முகம் மாறிவிடும். போன வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. "இந்தத் தடவையாவது ஒரு இடத்துல அமைதியா உக்காரும்மா" என்று தினமும் கெஞ்சுவார். கணவன் அம்மாவுக்கும் தலையாட்டுவான், இவளுக்கும் தலையாட்டுவான்.

நேற்று மாமியார் குளத்துக்கே வந்துவிட்டார், கையோடு அழைத்துப் போவது என்ற முடிவோடு. அவர் கம்பித் தடுப்பருகே வந்து நின்றதை இவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டியபடி எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சு மட்டும் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"...அண்ணனோ அக்காவோ, உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. அப்ப நான் கட்டில விட்டே இறங்கல. தண்ணிப் பக்கமே வரல. தும்மக்கூட பயந்தேன். அப்படியும் போயிடுச்சு. அசைஞ்சதால போகலன்னு எனக்குத் தெரியும். அத்தைகிட்டதான் சொல்லத் தெரியல. சொன்னா, பின்ன எதனாலன்னு கேப்பாங்க. எங்கிட்ட பதில் இல்லையே..."

குரல் கம்மியது. சட்டென்று நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு திக்கினால் நிற்க வேண்டும் என்பது சட்டம். திக்கியதற்குக் காரணம் மூச்சு இல்லையென்றாலும்.

திரும்பியபோது மாமியார் தெரிந்தார். பெஞ்சில் கிடந்த துண்டை எடுத்து, இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி, படிக்கட்டருகே வந்து நின்றார். இவள் ஒரு வார்த்தை பேசாமல் மெல்ல நீந்தி வந்தாள். படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எப்ப வந்தீங்கத்தே?"

"கொஞ்ச நேரம் ஆச்சு." என்றார் மாமியார். "குளிருதா?"

"இல்லத்தே. இதமா இருக்கு."

"மூச்சு வாங்குதா?"

"இப்ப இல்ல."

மாமியார் எதிர்க்கரையை ஒருமுறை பார்த்தார். பிறகு விரித்த துண்டை நான்காக மடித்து, பெஞ்சில் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.