ஓசூர் ஸ்டேடியமும் மாதம்மாவின் கைநாட்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று இந்த வலைப்பக்கத்தைப் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். வழியைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் வேறொரு பயணம் நினைவுக்கு வந்துவிட்டது, அதை எழுதாமல் பேருந்து நேரத்தை மட்டும் எழுத மனம் வரவில்லை. நான் முதன்முதலாக அந்தச் சாலையில் போனது 1968, தை மாதக் கடைசியில். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஜனங்களிடம் வரி கேட்க.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூர் முதலாளி ஒருவர் நடத்திய கால்பந்து அணியில் கோல்கீப்பர். மாதம் நூற்று நாற்பது ரூபாய் சம்பளம். பந்து பிடிக்கிறவனுக்குச் சம்பளமா என்று எங்கள் தெருவில் பலர் நம்பவில்லை. என் மாமனார் கல்யாணத்துக்கு முன் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

முதலாளிக்கு ஓசூரில் ஒரு ஸ்டேடியம் வேண்டும். சுற்றிலும் கேலரி, சிமெண்டுத் தளம், டிக்கெட் கொடுக்கும் அறை எல்லாம் வைத்து. ஆனால் கட்டப்போவது அவர் இல்லை. அந்த வட்டார மக்கள் கட்டும் நிலவரியோடு ஒரு மேல்வரி, சந்தைக்கு வரும் மாட்டுக்கு நாலணா கூடுதல் சுங்கம், இப்படிச் சேரும் பணத்தில் உள்ளூர் மன்றம் கட்டித் தர வேண்டும். கட்டித் தந்தால் அணி ஓசூருக்கே குடிவந்துவிடும். வருஷம் முழுக்க ஆட்டம், கடைகளுக்கு வியாபாரம், பின்னால் ஒரு தொழிற்சாலைகூட வரலாம் என்றார். மறுத்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்தில் வேறொரு ஊர் தயாராக இருக்கிறதாம்.

மன்ற உறுப்பினர்கள் தயங்கினார்கள். மக்களே சம்மதிக்கிறார்கள் என்று காட்ட, ஊரில் சிலர் கூடி ஸ்டேடியக் கமிட்டி என்று ஒன்றை வைத்துக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அதற்கு ஒரு முகம் வேண்டுமே! அணியில் உள்ளூர்த் தமிழன் நான் ஒருவன்தான். “சேவியர், நீ கூட வந்து நின்னா போதும்” என்றார்கள். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அணி ஓசூருக்கு வந்தால் வாரம் ஒருமுறையாவது வீட்டுக்கு வரலாம். அந்தப் பக்கம் போய்விட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். ஆகவே போனேன்.

காலை ஆறு பத்துக்குக் கிருஷ்ணகிரியில் பேருந்து. ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், கட்டணம் ஒரு ரூபாய் அறுபது பைசா. குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை நாள். மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதில் பேருந்து இருபது நிமிஷம் நகரவில்லை. அங்கே ஏறிய ஒரு மாட்டு வியாபாரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“நாலணா என்னாப்பா, எட்டணா வெச்சிக்கோ. நான் பெங்களூருக்கே போய்ப் பாக்கறவன். ஓசூர்லயே ஆடினா எனக்கு பஸ் சார்ஜ் மிச்சம்” என்றார்.

எனக்குத் தெம்பு வந்தது. எல்லாரும் இப்படியே சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

எட்டேகாலுக்கு ஓசூர். கமிட்டியின் காரியதரிசி வரதராஜு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் தோல் பை, பைக்குள் அச்சடித்த சம்மதப் படிவங்கள். இட்லி சாப்பிட்டுவிட்டு ராயக்கோட்டைப் பேருந்தில் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கினோம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், எழுபது பைசா. அங்கே ஊர்க் கவுண்டர் முதல் கையெழுத்துப் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டார்:

“எங்க காசுல கட்டறீங்க. சரி. நாங்க ஆட்டம் பாக்க வந்தா டிக்கெட் கேப்பீங்களா, மாட்டீங்களா?”

வரதராஜுவைப் பார்த்தேன். “அதெல்லாம் பின்னால பேசிக்கலாம் மாமா” என்று அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கவுண்டர் பார்த்துக்கொண்டு நின்றாரே!

அன்று ஓசூரில் மாதா கோயில் விருந்தினர் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஏழரைக்குத் தேன்கனிக்கோட்டைப் பேருந்து. இருபத்தைந்து கிலோமீட்டர், எண்பது பைசா, ஒன்றேகால் மணி நேரம். குளிர் அப்படி ஒரு குளிர், கண்ணாடி இல்லாத ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இறங்கி, காட்டைப் பார்த்துப் போகும் மண்பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். இருபது வீடுகள் உள்ள சிற்றூர்.

ஊருக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. யாரும் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாளுக்கு முன், களத்தில் போர் போட்டிருந்த ராகியைத் தின்ன வந்த யானையை விரட்டப் போன திம்மராயப்பா என்பவர் மிதிபட்டு இறந்திருந்தார். முப்பத்தைந்து வயதுகூட இல்லை. அவர் மனைவி மாதம்மா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இறந்தவரின் அக்கா நஞ்சம்மா.

நான் திரும்பிவிடலாம் என்று வரதராஜுவின் கையைத் தொட்டேன். அவர் அதற்குள் குந்தி உட்கார்ந்து பையைத் திறந்துவிட்டார்.

“அம்மா, நடந்தது நடந்துபோச்சு. சர்க்கார்ல உதவி வரணும்னா பேரு எழுதணும். இதுல கைநாட்டு வைங்க.”

மாதம்மா காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர்கள் வீட்டில் கன்னடம், எங்களுக்காகக் கன்னடம் கலந்த தமிழில் பேசினார். “அண்ணா, நீங்க ஓதினவரு மாதிரி இருக்கீங்க. இதுல ஏனு எழுதியிருக்கு?”

“மனுதாம்மா” என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைப் போல எதுவும் என்னை உறுத்தியதில்லை. ‘ஸ்டேடியத்துக்கு மேல்வரி விதிக்கக் கோரும் சம்மத மனு’ என்றுதான் மேலே அச்சாகியிருந்தது. கடைசி வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினேன். அவர் கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். அவர் வைத்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் பதினான்கு பேர் வைத்தார்கள்.

திரும்பி நடக்கையில் வரதராஜு சமாதானம் சொன்னார். “பாவந்தான். ஆனா நாளைக்கு மூணு மணிக்கு மன்றத்துல கூட்டம். காட்டோரத்து ஜனமே சம்மதிச்சாங்கன்னா அப்புறம் யாரு பேசுவாங்க? அந்தம்மாவுக்கும் நான் ஆபீஸ்ல சொல்றேன்.” கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். ஸ்டேடியம் வந்தால் ஊர் உருப்படும் என்று நிஜமாகவே நம்பினார். நானும்தான் நம்பினேன், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

அறைக்கு வந்து படுத்தேன், தூங்க முடியவில்லை. விடிந்ததும் வரதராஜுவிடம் சொல்லாமல் அதே ஏழரைப் பேருந்தில் ஏறினேன். பத்தரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அது நிவாரண மனு இல்லை, வரிக்கான சம்மதம், அந்த வரியில் கட்டும் ஸ்டேடியத்தில் சம்பளத்துக்கு ஆடப்போகிறவர்களில் நானும் ஒருவன் என்று.

நஞ்சம்மா எழுந்து வந்துவிட்டார். “சாவு வூடுன்னு தெரிஞ்சும் ஏமாத்தினீங்களா? பொணத்துக்குப் போட்ட பூ காயல, அதுக்குள்ள வரியா?”

மாதம்மா என்னைப் பார்த்து, “அந்தக் காகிதம் எங்க இருக்கு?” என்றார்.

“ஓசூர்ல. மூணு மணிக்குக் கூட்டத்துல வாசிப்பாங்க.”

“பஸ்ஸு எத்தன மணிக்கு?”

பதினோராம் நாள் காரியம் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று நஞ்சம்மா தடுத்தார். நானே கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மாதம்மா அதற்குள் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். “அவரு சாவைச் சொல்லி வாங்கினாங்க. நானே போய்க் கேட்டாத்தான் எனக்கு ஆறும்.” நஞ்சம்மா ஏதோ முணுமுணுத்தார். பிறகு அவரும் துணைக்குக் கிளம்பினார்.

ஐந்து கிலோமீட்டர் நடந்து, பன்னிரண்டே முக்காலுக்குப் பேருந்தைப் பிடித்தோம். துக்க வீட்டுப் பெண்கள் என்று தெரிந்து முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பாதி தூரம் போனதும் மாதம்மா திரும்பி, “நீங்க என்ன ஆட்டம் ஆடுவீங்க?” என்று கேட்டார்.

கால்பந்தைப் பற்றிச் சொன்னேன். கோல்கீப்பர் என்றால் புரியவில்லை. “ரெண்டு கம்பம் நட்டிருக்கும். அதுக்குள்ள பந்து போகாம ஒருத்தன் நின்னு தடுக்கணும். அது நான்” என்றேன்.

“வீட்டுக்காரரும் அப்படித்தான் நின்னாரு” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடத்தில் நடந்தது. பெஞ்சுகளில் முப்பது பேர் இருக்கும். என்னோடு இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்ததுமே வரதராஜுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பட்டியலை வாசித்தார். மாதம்மாவின் பெயர் வந்தபோது, வாசற்படியில் நின்றிருந்தவர், “அது நான்தான்” என்றார். எல்லாத் தலையும் திரும்பியது.

“நான் ஆட்டம் பேடா, வேணாம்னு சொல்ல வரல” என்றார் மாதம்மா. “ஆடுங்க. கட்டுங்க. கேட்டு வாங்குங்க. எங்க வூட்டுல பொணம் எடுத்த சூடு ஆறல, சர்க்கார் உதவின்னு சொல்லிக் கைநாட்டு வாங்கினாங்க. அதைக் குடுத்துடுங்க. நான் போறேன்.”

வரதராஜு எழுந்து, “அந்தம்மா துக்கத்துல தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க” என்றார்.

அப்போதுதான் நான் பேசினேன். “இல்லீங்க. என்ன எழுதியிருக்குன்னு என்னைக் கேட்டாங்க. மனுன்னு சொன்னவன் நான்.”

தலைவர் பெரிய நிலச்சுவான்தார், வயதானவர். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். பிறகு மாதம்மாவை மேஜை பக்கம் கூப்பிட்டார். பதினைந்து மைக்கறைகளில் தன்னுடையது எது என்று மாதம்மாவுக்குத் தெரியவில்லை. நான் விரல் வைத்துக் காட்டினேன். தலைவர் பேனாவால் அதைக் குறுக்கே அடித்தார். பின்வரிசையில் ஒருவர், “இதே மாதிரி வாங்கினது இன்னும் எத்தனை?” என்று கேட்டார். எல்லா ஊரிலும் தண்டோரா போட்டு, வாசித்துக் காட்டி, மறுபடி கேட்டபிறகுதான் ஓட்டு என்று முடிவானது. அப்படி யாரும் மறுபடி கேட்கப் போகவில்லை. முதலாளியும் காத்திருக்கவில்லை. இரண்டே மாதத்தில் அணி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. என்னைக் கூப்பிடவில்லை.

அன்று மாலை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து நிஜமான நிவாரண மனுவை எழுதினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார் மாதம்மா. மூன்றாவது தடவை நஞ்சம்மாவும் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். பணம் வந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் அடுத்த வருஷத்து ராகியும் அறுத்த பிறகுதானாம்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி வேலை நிலைக்காதே என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். “அன்னைக்கே வாயைத் திறந்திருந்தீங்கன்னா அந்தம்மா அந்த நெலமையில பஸ் ஏற வேண்டியதில்லையே” என்றாள். நான் செய்த நல்ல காரியம் என்று இதை யாராவது சொன்னால் ஸ்டெல்லாவின் முகம்தான் எனக்கு முன்னால் வரும்.

ஒரு மர மண்டியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன், பிறகு ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தபோது ஒன்றில் சேர்ந்து ஓய்வு பெற்றேன். ஸ்டேடியம் வந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்தக் குந்தாரப்பள்ளி வியாபாரியைப் போல மனதாரக் கொடுக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். உத்தனப்பள்ளிக்காரர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் அவரும் கொடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. அந்தப் பொறுமை எங்களுக்கு இல்லை.

இனி, கேட்டவருக்கு வழி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு, நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். காலை ஏழுக்கு முன் கிளம்பிவிட்டால் தொழிற்சாலை ஷிப்ட் வண்டிகளில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஓசூர்ப் பேருந்து நிலையத்திலேயே தேன்கனிக்கோட்டை வண்டி நிற்கும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டணம் அடிக்கடி மாறுகிறது, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் போனால் கம்பளி வேண்டும். காட்டோரப் பாதைகளில் நான்கு மணிக்கு மேல் நடக்காதீர்கள், யானை இன்றும் வருகிறது. வழி கேட்கத் தமிழே போதும், கன்னடமும் தெலுங்கும் கலந்து பதில் வரும்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுங்கள். வண்டி போய்விடுமே என்று பார்க்காதீர்கள். அடுத்தது முக்கால் மணி நேரத்தில் வரும்.