அத்தை கட்டிய அணி

எங்கள் அத்தைக்கு ராயபுரத்தில் ஒரு பெண்கள் ஹாக்கி அணி இருந்தது. இருந்தது என்பதைவிட அடிக்கடி இல்லாமல் போனது என்பதுதான் சரி. நன்றாக ஆடும் பெண்களைப் பெரிய கம்பெனிகள் வேலை கொடுத்து அழைத்துக்கொள்ளும். மிச்சப் பேரைக் கல்யாணம் அழைத்துக்கொள்ளும். அப்படி ஒருமுறை மொத்த அணியும் காலியானபோது, அத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் திரட்டி மறுபடி தொடங்கினாள். அதில் என் அக்கா கோல்கீப்பர்.

முதல் வருஷம் யாரும் பந்தோடு முன்னால் ஓடவே கூடாது என்பது அத்தையின் உத்தரவு. தடுக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு கோல், ஆறு கோல் என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். தெருவே சிரித்தது. இரண்டாம் வருஷம் இரண்டே கோலில் தோற்ற அன்று, அத்தை எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"தோத்ததுக்கு இன்னாத்துக்கு பிரியாணி?"

"இருண்ணே. மொதல்ல கோல் வாங்காம நிக்கக் கத்துக்கட்டும். போடறது அப்பால."

"மூணாவது வருசமும் தோத்துகினு வந்தாங்கன்னா, இவ மட்டை பரணுக்குப் போயிரும். சொல்ட்டேன்."

அப்பா சொன்னால் செய்வார். மூன்றாம் வருஷமும் தோல்வியும் சமனுமாக ஓடி, கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறே இறங்கவில்லை. ஹாக்கியை எடுத்துவிட்டால் அக்கா என்ன ஆவாள் என்ற பயம், எட்டு வயதுக்குக் கொஞ்சம் பெரிதுதான்.

ஆட்டம் திருவொற்றியூரில். கண்டெய்னர் லாரி வரிசையில் எங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது, அதிசயமாக நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நிலக்கரித் தூசியில் கறுத்த காலுறையோடு அக்கா காலாலும் வயிற்றாலும் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இடைவேளையில் அத்தை அக்காவை வெளியே கூப்பிட்டாள். அவள் கால் பேடுகளைக் கழற்றி, ஆறாவது படிக்கும் ஒரு சுண்டெலிக்குக் கட்டிவிட்டாள். பேடு அந்தப் பிள்ளையின் தொடைக்கு மேல் ஏறி நின்றது.

"இன்னாடி பண்றே? லூசா நீ?" என்று அப்பா கத்தினார். அத்தை பேடின் வாரை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

நான் அழுதேவிட்டேன். அக்காவின் தலையெழுத்தைப் போயும் போயும் இதன் கையில் கொடுத்துவிட்டாளே என்று அத்தை மேல் அப்படியொரு ஆத்திரம். அந்தப் பிள்ளை ஒரு பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடுத்தது, அடுத்ததைக் கண்ணைத் திறந்துகொண்டு. இன்னொன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

அக்காவை வெளியூர் விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொண்ட செய்தி முந்தின வாரமே வந்திருந்தது. ஜெயித்தால் அனுப்புகிறேன் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார். அக்கா போக வேண்டும். போன பிறகு கோலில் நிற்க ஒருத்தி பழகியிருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் அத்தையிடம் இருந்தது அந்த ஒரே ஆட்டம். அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று ஆட்டோவில் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் அக்கா எப்படியெல்லாம் தடுப்பாள், நான் எங்கே உட்கார்ந்து பார்ப்பேன் என்று திட்டம் போட்டேன். என் கையைப் பிடித்த அக்கா வீடு வரைக்கும் விடவேயில்லை. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.