நடுச்சுவர்

பாகூரில் தேக்குத் தூண்கள் வைத்த ஒரு பழைய பங்களாவின் கதையைக் கேட்கப் போயிருந்தேன். பாகப்பிரிவினையில் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பாதியில் இருந்தார்கள். நான் பார்த்தது தம்பியை. எழுபதைத் தாண்டிய, தளர்ந்த மனிதர். பேச்சின் நடுவே அடிக்கடி சுவரில் காதை வைத்தார்.

“என்ன சார்?” என்றேன்.

“அண்ணங்கூட பேச்சுவார்த்த கெடையாது. அவரு இருமறது மட்டும் கேக்கும். இன்னிக்கி காலைலேர்ந்து கேக்கல. வூட்டுக் கதைய கேக்கற மாதிரி அந்தப் பக்கம் போயி பாத்துட்டு வாங்களேன்.”

போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி அனுப்புனானா? புது மருந்துல இருமல் நின்னுபோச்சி,” என்றவர், சிரமப்பட்டு எழுந்து சுவரருகே போய், வேண்டுமென்றே பலமாக இருமினார்.

நான் திரும்பி வந்தபோது தம்பி சுவரில் காதைச் சாய்த்தபடி நாற்காலியிலேயே நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.