பிள்ளை போன பூனைக்குட்டி

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு பூனைக்குட்டிகளை வளர்த்து ஆளாக்கினேன். வளர்த்தது அப்பச்சிதான் என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம். பால் புகட்டியதும் துடைத்துவிட்டதும் அப்பச்சியாகவே இருக்கட்டும். எப்போது புகட்ட வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னது நான். நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

தாய்ப்பூனை எங்களுடையது இல்லை. காரைக்குடியில் எங்கள் தெரு முழுவதையும் தன் வீடாக நினைத்துக்கொண்டு திரிந்த சாம்பல் நிறப் பூனை அது. ஒரு நாள் காலையில் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூட வேனில் அடிபட்டுச் செத்துப்போனது. அது நான் போகும் வேன் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அன்று சாயங்காலம் எங்கள் சாமான் அறையிலிருந்து ஒரே கத்தல். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் பித்தளை அண்டா ஒன்று அங்கே சாய்ந்து கிடக்கும். அதற்குள் பழைய சாக்கின் மேல் மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. அண்டாவுக்குள் கிடந்து கத்தியதால் சத்தம் மட்டும் புலிக்குட்டி அளவுக்கு இருந்தது.

தாயில்லாமல் இதெல்லாம் பிழைக்காது, வீணாக ஆசை வைக்காதே என்று அம்மா என்னிடம் சொன்னாள். அப்பச்சி மூன்றையும் தோளில் கிடந்த துண்டில் அள்ளிக்கொண்டார். நான் அந்த நிமிஷமே பொறுப்பேற்றேன்.

முதல் நாள் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றி, கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல் மல்லாக்கக் கிடத்தி, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டோம். மூன்றுக்கும் வயிற்றால் போனது. இருப்பதில் சின்னது மறுநாள் விடியும்போது விறைத்துக் கிடந்தது. நான் ஓவென்று அழுதேன். அப்பச்சி அதை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, மற்ற இரண்டையும் என்னையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். குட்டியின் உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காதாம். முதலில் சூடாக்க வேண்டுமாம். தாய்மடியில் குடிப்பதுபோல் குப்புறக் கிடந்துதான் குடிக்க வேண்டும், மல்லாக்கப் போட்டால் பால் நெஞ்சுக்குள் போய்விடும். பசும்பால் ஆகாது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை மதுரையில் சொல்லிவைத்து வாங்க வேண்டும், அதுவரைக்கும் ஆட்டுப்பால் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் இந்த வயதில் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவே வருமாம். இந்தக் கடைசித் தகவல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் வகுப்பில் சாப்பாட்டு நேரத்தில் அதை விளக்கமாக எடுத்துச் சொல்லி, நாலு பேரை டிபன் பாக்ஸை மூடவைத்தேன்.

அப்பச்சிக்கு எலெக்ட்ரிக் சாமான் கடை. நான் பள்ளிக்குக் கிளம்பியதும் குட்டிகள் டேபிள் ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் கடைக்குக் கிளம்பிவிடும். வாங்க வருபவர்களுக்குப் பல்பை எரியவிட்டுக் காட்டுவதற்கு மேசைமேல் ஒரு ஹோல்டர் உண்டு. அதில் பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டி, பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே தொங்கவிட்டார். குளிர்ந்தால் இந்த மூலைக்கு வரட்டும், புழுங்கினால் அந்த மூலைக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. கல்லல் பக்கத்திலிருந்து ஒயர் வாங்க வரும் ஒருவர் ஆட்டுப்பால் கொண்டுவந்து தந்தார். யார் எந்த அவசரத்தில் நின்றாலும் சரி, நேரமாகிவிட்டால் அப்பச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாராம். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன், இருங்கள் என்று எழுந்து போவாராம். கேட்டவர்கள் எங்கள் வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்திருப்பதாகக்கூட நினைத்தார்கள். எனக்குத்தான் கொஞ்சம் பொறாமை. அதுவரை அவருக்குப் பிள்ளை என்றால் அது நான் ஒருத்தி மட்டும்தான்.

குட்டிகள் கண் திறந்ததும் கடையில்தான். நான் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைக் கேட்காமல் திறந்துவிட்டன. அந்தக் கோபம் ஆற இரண்டு நாள் ஆனது. பிறகு பெயர் வைத்தேன். கறுப்புக்குட்டிக்குக் கடுகு, வெள்ளைக்குட்டிக்குச் சேமியா. இரண்டும் எப்போதும் ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டுதான் தூங்கும். எது கடுகின் கால், எது சேமியாவின் வால் என்று நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தட்டில் தாமாக நக்கிக் குடித்து, சோற்றில் பிசைந்த மீனையும் தின்னத் தொடங்கியபோது அம்மா சட்டம் போட்டாள். வீட்டில் ஒரு பூனை இருக்கலாம். இன்னொன்றை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கவலையே வரவில்லை. பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? பிள்ளையில்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். கூட்டிக்கொள்ளும் தாய் மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு வாய் குடிப்பாள். பையனுக்கு இனிஷியல் மாறும். அதோடு அவன் அந்த வீட்டுப் பிள்ளை, பெற்ற வீட்டுக்கு விருந்தாளி. அந்த வருஷம்தான் சொந்தத்தில் அப்படி ஒரு விசேஷத்துக்குப் போய், முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்துவைத்திருந்தேன். போதாததற்கு எங்கள் அப்பச்சியே பிள்ளை வந்தவர்தான். பள்ளத்தூரில் பிறந்து, பத்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. அப்பச்சியின் காதோரம் ஒரு மச்சம் உண்டு என்பதுபோல இதுவும் எனக்குத் தெரிந்த சமாச்சாரம்.

வரும்போது அழுதீர்களா என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள் என்றார். பள்ளத்தூரிலிருந்து உங்களைப் பார்க்க வரமாட்டார்களா என்றும் கேட்டேன். அடிக்கடி வந்துபோனால் பிள்ளையின் மனசு புது வீட்டில் நிற்காது, அதனால் வரமாட்டார்கள், அதுதான் முறை என்றார். இரண்டு பதில்களையும் நான் மறக்கவில்லை.

கடுகைக் கூட்டிக்கொள்ள அடுத்த தெருவில் என் தோழியின் வீடு தயாராக இருந்தது. முஸ்லிம் வீடு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா சவுதியில் இருந்தார். பூனை என்றால் அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோழியும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தேன். சைக்கிளுக்குப் பதிலாகக் கடுகுக்குப் புதுத் தட்டும், கழுத்துக்கு ஒரு சின்ன மணியும் ஏற்பாடு செய்திருந்தேன். தோழியின் அம்மா விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, தொண்டைக்கு நல்லதுதான் என்று மஞ்சள் தண்ணீரை ஒரு வாய் குடித்தும்விட்டார். கடுகின் புது இனிஷியலை உரக்க அறிவித்தேன். இனி அப்பச்சி குட்டியை எடுத்து, இனிமே இது உங்க பிள்ளை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அப்பச்சி கடுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றவர் என்னைப் பார்த்தார்.

"குட்டியக் கேட்டியா?"

"குட்டியப் போயி யாரு கேப்பாக அப்பச்சி? குடுக்குற வீடும் கூட்டிக்கிற வீடும் பேசிக்கிட்டாப் போதும்ல" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பச்சியும் சிரித்தார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே குட்டியைக் கொடுத்துவிட்டார். சடங்கில் குறை வந்துவிடக்கூடாதே என்று அவருக்காக நானே அதைச் சொல்லி முடித்தேன்.

அன்று சாயங்காலம் முதல் சேமியா வீடு முழுக்கத் தேடியது. அட்டைப்பெட்டிக்குள் போகும், வரும், அரிசி டிரம்முக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும், வாசலில் போய் நின்று கத்தும். தட்டில் வைத்த பாலை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே கடுகு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நுழைந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறதாம். மீன் வைத்தும் தொடவில்லையாம். கழுத்து மணி மட்டும் அவ்வப்போது கேட்கிறதாம். வேனில் தோழி இதையெல்லாம் சொன்னபோது நான் அனுபவசாலியாக அவளுக்குத் தைரியம் சொன்னேன். மனசு நிற்க நாளாகும், நாங்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டோம், பயப்படாதே என்றேன்.

அப்பச்சி கடையிலிருந்து வந்ததும், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்பார். கூடாது, அது முறையில்லை என்பேன். சரி என்று உட்கார்ந்துவிடுவார். பிள்ளை வந்தவருக்கே நான் முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் பள்ளிவிட்டு வந்தபோது கடை பூட்டியிருந்தது. அப்பச்சி வீட்டில் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் கறுப்பும் வெள்ளையும் ஒரே குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் குடித்துக் கூட்டிப்போன பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. தோழியின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அப்பச்சி. நீங்களே இப்பிடிச் செய்வீகளா?"

அவர் குட்டிகளை எழுப்பிவிடாமல் மெதுவாகப் பேசினார். "எங்குரலக் கேட்டதும் உள்ளேயிருந்து ஓடியாந்து காலப் புடிச்சு ஏறுச்சு. வரட்டுமான்னு அது கேட்டுச்சு ஆத்தா. கூட்டியாந்துட்டேன்."

ஒரு பூனைதான் என்று சட்டம் போட்ட அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் அப்பச்சியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டில் பால் ஊற்றிக்கொண்டு வந்தாள். தோழியின் அம்மாவும் கோபித்துக்கொள்ளவில்லை. அது அழுததைப் பார்க்க முடியவில்லை, நல்லவேளை வந்தீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தனுப்பினாராம். குடித்த மஞ்சள் தண்ணீரை மட்டும் திருப்பித் தர முடியாது என்றாராம். தோழி மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு தினமும் எங்கள் வீட்டுக்கே வந்து விளையாட ஆரம்பித்தாள்.

அன்று சாப்பாடு முடியும்வரை நான் அப்பச்சியுடன் பேசவில்லை. ஆனால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? அவருக்குப் பிடித்த பேச்சாக எடுப்போம் என்று அந்தப் புதுச் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். அதில் எங்கேயெல்லாம் போவீர்கள் என்றேன்.

"எங்கயும் போகமாட்டேன். சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவேன். பள்ளத்தூர் பஸ் கெளம்புற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"ஒருநாளும் ஏறலையா?"

"ஏறக்கூடாதுல்ல" என்றார், கடுகின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்துக்கொண்டே.

அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் ஆறிவிட்டது. இப்போது எப்படி நடந்துகொண்டாலும், அந்த வயதில் அப்பச்சி முறை தெரிந்த பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.