செந்தாமரைக்குக் கேட்காத க்ளிக்

செந்தாமரை உட்கார்ந்து பார்த்தவர்கள் வடக்குப்பட்டில் குறைவு. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்தாள் என்பதற்குப் போட்டோ இருக்கிறது; அதிலும் முழங்கால் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. டீயை நடந்துகொண்டே குடிப்பாள். சீரியலை வெளியே துணி உலர்த்தியபடி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, விடிந்ததும் கட்டில் வாசற்படியில் நின்றதாக அவள் வீட்டுக்காரர் ரகுபதியே சொல்லியிருக்கிறார். டயர் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார்.

இப்படிப்பட்டவளை ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஒரு பிளக்கை அதன் ஜோடிக்குள் தள்ளவேண்டும், க்ளிக் என்று கேட்கவேண்டும், பிறகு மாட்டியதை ஒரு தரம் இழுத்துப் பார்க்கவேண்டும். தள்ளு, க்ளிக், இழு. சுவரிலும் அதையே பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். செந்தாமரை தள்ளுவாள். க்ளிக் கேட்பதற்குள் அடுத்ததையும் தள்ளியிருப்பாள். இழுத்துப் பார்க்கும் வேலையை யாராவது பொறுமைசாலி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி. ஒருநாள் மின்சாரம் போய் லைன் நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்; அவள் வெளியே வந்து அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டாள். கம்பெனி பஸ் அவளைக் கடைசிவரை முந்தவே இல்லையாம்.

வீட்டில் மாமனாரின் டிராக்டர் இருந்தது. நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குள் போனபின் அதன் முன்பக்கம் லோடர் பூட்டியிருந்தார்கள். மண் அள்ளும் பக்கெட்டும், அதைத் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புக் கைகளும், அந்தக் கைகளுக்குப் பலம் கொடுக்கும் எண்ணெய்க் குழாய்களும் உள்ள வண்டி. செந்தாமரை அதில் ஏறினாள். அவள் உட்கார்ந்திருந்தது அந்த இருக்கையில் மட்டும்தான், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருந்ததால். கம்பெனிக் காம்பவுண்டுகளில் முட்புதர் தள்ளினாள், ஸ்கிராப் அள்ளினாள், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய்வந்தாள். பிறகு பெரிய பெரிய ஜேசிபிகள் வந்தன. டிராக்டரைக் கூப்பிடுவாரில்லை. வாரக்கணக்கில் நின்ற வண்டியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு முட்டியது.

ரகுபதி படப்பையில் வண்டி வாங்கி விற்கும் சுப்பராயனிடம் பேசி முடித்துவிட்டார். விஜயதசமியன்று வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. செந்தாமரைக்கும் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருந்தார். பழைய வேலைதான். தள்ளு, க்ளிக், இழு.

"நான் செத்தாலும் அங்க போயி நிக்கமாட்டேன்யா" என்றாள் செந்தாமரை.

"செத்தா படுத்துக்கினுதான இருப்ப, எங்கேர்ந்து நிக்கிறது?" என்றார் ரகுபதி.

அவள் சும்மா இருப்பாளா? பென்னலூர்ப் பக்கம் மரப்பெட்டி அடிக்கும் பட்டறை ஒன்றை மூடினார்கள். அங்கிருந்து மரம் பிளக்கும் மெஷின் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். நீளமான இரும்புச் சட்டம், ஒரு முனையில் பெரிய ஆப்பு, மறுமுனையில் கட்டையை அந்த ஆப்பின்மேல் தள்ளும் உருளை. அதற்குச் சொந்தமாக இன்ஜின் கிடையாது. டிராக்டரின் எண்ணெயை ஒரு குழாயில் வாங்கி, வேலை செய்துவிட்டு, இன்னொரு குழாயில் திருப்பிக் கொடுக்கும்.

பிளக்கக் கட்டைக்கும் பஞ்சமில்லை. புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்களை அறுத்து வீட்டைச் சுற்றிப் போட்டிருந்தாள். முறுக்கேறிய கட்டைகள், அவற்றில் கோடாலி போட்டால் கோடாலிதான் கெஞ்சும். ஒரகடத்தில் விறகடுப்பில் பிரியாணி போடும் கொம்பையா, திருநெல்வேலிக்காரர், வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: "பிளந்து தந்தா வாரம் ஒரு லோடு எடுத்துக்கிடுதேன் தாயி. முழுசா கொண்டாந்து போட்டா நான் என்னத்தப் பண்ண, மேல ஏறி உக்காந்து பிரியாணி திங்கவா?"

விஜயதசமிக் காலையில் ரகுபதி குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். முந்தின நாள் ஆயுத பூஜையை அவர்தான் செய்தார். கம்பெனியில் எப்படியோ வீட்டிலும் அப்படி, எதையும் விட்டுவைக்கவில்லை. டிராக்டருக்குச் சந்தனம், அரிவாள்மனைக்குச் சந்தனம், மிக்ஸிக்கு, மோட்டாருக்கு, புதிதாக வந்த மெஷினுக்கு. எதிரில் வந்த கோழி தப்பியது அதன் சாமர்த்தியம்.

"சுப்பராயன் கெளம்பிட்டாராம்" என்றார். "சரி, நான் அநியாயக்காரன் இல்ல. அவரு வண்டிய கேட்டத் தாண்டி எடுக்கறதுக்குள்ள உன் மெஷினு ஒரு கட்டய பொளந்துட்டா வண்டி இங்கியே இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழமை நீ லைனுக்குப் போற."

"ஒரே ஒரு கட்டைதான?"

"ஒரே ஒரு கட்டை."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பக்கெட்டைத் தரையில் இறக்கி இன்ஜினை அணைத்திருந்தாள். லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டி, குழாய்களுக்குள் அடைபட்டிருந்த அழுத்தத்தை விட்டாள். பக்கெட்டைக் கவிழ்க்கும் இரண்டு குழாய்களைக் கழற்றினாள். அந்த இடத்தில் மெஷினின் குழாய்கள் இரண்டையும் மாட்டினாள். எண்ணெய் போகிற குழாய் க்ளிக் என்றது. திரும்புகிற குழாயைத் தள்ளிய கையோடு கட்டையைத் தூக்க ஓடிவிட்டாள்.

பக்கெட் லீவரில் ஒரு தொல்லை உண்டு. பிடித்திருக்கும்வரைதான் எண்ணெய் ஓடும். கையை எடுத்தால் லீவர் தானாகத் திரும்பிக்கொள்ளும், எல்லாம் நின்றுவிடும். ரகுபதியை இருக்கையில் ஏற்றி அதைப் பிடிக்கச் சொன்னாள். இன்ஜின் உறுமியது. அவள் மெஷினின் பிடியைத் தள்ளினாள்.

பம்ப் அலறியது பாருங்கள், அந்த அலறலில் வடக்குப்பட்டு நாய்களெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தன. உருளை மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"

"நீதானயா மேல குந்திக்கினுகீற, நீ பண்ணு!"

இன்ஜின் நின்றது. செந்தாமரை மெஷினைச் சுற்றி வந்தாள், டிராக்டரைச் சுற்றி வந்தாள், ஸ்பானரை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ரகுபதி இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"எதையும் தொடாத. ஒய்-ஒய் போடலாம்."

அவர் கம்பெனியில் எது கெட்டாலும் ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்பார்கள். ஐந்தாவது ஏனில் யாராவது மாட்டுவார்கள். வீட்டில் சாம்பாருக்குக்கூட அவர் அதைப் போட்டிருக்கிறார். இதுவரை அவர் மாட்டியதில்லை.

"மெஷின் ஏன் ஓடல?"

"எண்ண சுத்தல."

"ஏன் சுத்தல?"

செந்தாமரை குனிந்து இரண்டு குழாய்களையும் தொட்டாள். ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. மற்றது ஆடியது. "போன எண்ண திரும்பி வர்ல. இந்த வாயி தொறக்கவேயில்ல."

"ஏன் தொறக்கல?"

"முழுசா உள்ள போவல. க்ளிக் ஆவல."

"ஆவலன்னா ஏன் இழுத்துப் பாக்கல? ஒரு வருசம் சொல்லிக் குடுத்தாங்களே, தள்ளு, க்ளிக், இழு! பாத்தியா?"

ரகுபதியின் முகத்தில் விபூதிக்கு மேலே ஒரு வெளிச்சம் பரவியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். கணக்குக்கு ஒன்று பாக்கி இருந்தது.

"அஞ்சாவது. ஏன் உள்ள போவல?"

செந்தாமரை லீவரை மறுபடி ஆட்டிவிட்டு, குழாயைப் பிடுங்கி, அதன் வாயை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். அப்படியே அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். உள்ளே வட்டமாக, பதவிசாக, நடுவில் குங்குமம் வைத்து, கல்லாகக் காய்ந்து கிடந்தது சந்தனம்.

"யாரு வெச்சது?"

ரகுபதி வாயைத் திறந்தார். அந்த வாயும் க்ளிக் ஆகவில்லை.

"மூடி இல்லாம மொட்டையா இருந்திச்சி" என்றார் கடைசியில். "சரி, ஒரு பொட்டு வெப்பமேன்னு..."

"எண்ண வர்ற வாய்ல பொட்டு வெப்பியாய்யா? நல்லவேள, வூட்ல ஊசி நூலு கோக்கற ஓட்டைய விட்ட!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. சுப்பராயன் இறங்கினார், கையில் சாமந்தி மாலை, டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள எடுத்துரலாமா சார்?" என்று கேட்டபடியே மாலையை டிராக்டரின் மூக்கில் போட்டார்.

செந்தாமரை வீட்டுக்குள் பாய்ந்தாள். ஒரு கிண்ணம் டீசலும் ஒரு பல் துலக்கும் பிரஷுமாகத் திரும்பினாள்.

"அடியே, அது என்னுது!" என்றார் ரகுபதி.

"சந்தனமும் உன்னுதுதான." அவள் தேய்த்தாள். சந்தனம் கரைந்தது, குங்குமம் கரைந்தது, பிரஷும் பாதி கரைந்தது. சுத்தமான துணியால் துடைத்தாள். கை பரபரத்தது, கால் அதைவிடப் பரபரத்தது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக டயருக்கு அடியில் போவதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். குழாயைத் தள்ளினாள்.

நின்றாள். கல்யாணப் போட்டோவில்கூட நிற்காத முழங்கால் நின்றது.

க்ளிக்.

இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள்.

சுப்பராயன் வேட்டியை மடித்துக் கட்டி இருக்கையில் ஏறிவிட்டார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. ரகுபதி கேட்டைத் திறக்கப் போனார்.

"ணா, ஒரு நிமிசம்" என்றாள் செந்தாமரை. "ஐட்ராலிக் பாக்காமயா எடுத்துக்கினு போவீங்க? நாளைக்கு ஏமாத்திட்டாங்கன்னு எங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பீங்க."

வண்டி வாங்குகிற எந்த ஆம்பளையும் இந்தக் கேள்விக்குப் பிறகு சும்மா கிளம்பமாட்டான். "பாக்காம எடுப்பனாம்மா? இன்னா பாக்கணும்?"

"அந்த லீவர புடிச்சிக்கினே இருங்க. விட்டுடாதீங்க."

அவர் பிடித்தார். அவள் பிடியைத் தள்ளினாள். இந்தத் தடவை பம்ப் அலறவில்லை, முனகியது. உருளை நகர்ந்தது. கட்டை ஆப்பில் முட்டியது, முறுகியது, யோசித்தது. பிறகு அது வெடித்த வெடியில் திறந்த கேட் தானே மூடிக்கொண்டது. இரண்டு பாதிகளும் உள்ளே சிவப்பாக, பிரியாணி வாசனையே அடிக்காத குறையாக விழுந்தன.

ரகுபதி கேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் நின்றார். பாதிகளைப் பார்த்தார். அளந்தும் பார்த்தார். சொன்ன சொல்லிலிருந்து நழுவ ஏதாவது வழி உண்டா என்று அவர் தேடியது முகத்தில் தெரிந்தது; இருக்கவில்லை.

"பொளந்துகீது" என்றார்.

"திங்கக்கெழமை?"

"கம்பெனிக்குப் போன் பண்ணி, வர்லன்னு சொல்லிடறேன்."

அதற்குள் அவள் அடுத்த கட்டையை ஏற்றியிருந்தாள். அதற்கடுத்ததும் ஏறியது. செந்தாமரை ஓடினாள், உருட்டினாள், தூக்கினாள், தள்ளினாள். விறகு எகிறி எகிறி விழுந்தது. கொம்பையாவுக்கு ஒரு லோடு சேரும்வரை அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏம்மா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. சாமந்தி மாலைக்குப் பின்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார் சுப்பராயன், இரண்டு கையாலும் லீவரை இறுக்கிக்கொண்டு. "ஐட்ராலிக் நல்லாதான்மா கீது. கைய எடுக்கலாமா?"

"எடுத்தா நின்னுடும்ணா" என்றாள் செந்தாமரை, ஓடிக்கொண்டே.