அதே கை, அதே தண்ணீர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. ஐந்து பேரும் நான் கரண்டி பிடித்துச் சம்பாதித்ததில் படித்தவர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் எழுத்துக் கூட்டினால் கண் வலிக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி திவ்யா எழுதுகிறாள். அவளோடு கேட்டரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு என் வேலையைப் பற்றித் தெரிய வேண்டுமாம். தெரியட்டும். பிடித்த கரண்டியை ஒருநாளும் கீழே வைக்காதவள் நான். சொல்ல நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள்

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி, ஒரு சந்துக்குள் இருந்தது அந்த கெஸ்ட் ஹவுஸ். மாடியில் ரூம்கள், கீழே சாப்பாட்டுக் கூடம், பின்கட்டில் அடுப்படி. அதற்கு முன்னால் நான் கல்யாண சமையல் காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவள். அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்த கைக்கு, அந்த அடுப்படி சொப்பு விளையாட்டு போல இருந்தது.

முதலாளி மெட்ராஸ்காரர், பக்திமான். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இங்க வெங்காயம், பூண்டு உள்ள வரக் கூடாதும்மா. தியானம் பண்றவங்க சாப்பிடற சாப்பாடு."

"வாசனைக்கு இன்னா பண்றதுங்க?"

"அது உன் சாமர்த்தியம்."

என் சாமர்த்தியத்துக்கு என்ன குறைச்சல்? வெங்காயம் பூண்டு இல்லாத இடத்தைப் பெருங்காயம் நிரப்பும் என்பது கல்யாண வேலையில் கற்றது. சாம்பார், ரசம், கூட்டு, பொங்கல், நீர்மோர் எல்லாவற்றுக்கும் அது ஒரு சிட்டிகை போகும். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் முழுசாகத்தான் வாங்குவேன். மஞ்சள்கூடக் கிழங்காக வாங்கி இடிப்பேன். பாக்கெட் மசாலா என் அடுப்படி வாசலை மிதித்ததில்லை. விடிகாலையில் மல்லி வறுக்கும்போது மாடியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் போர்வையோடு வந்து அடுப்படி வாசலில் நிற்பார்கள். பேச்சு புரியாது. மூக்கை உறிஞ்சிச் சிரிப்பார்கள். அந்த வாசனை இப்போதும் என் புடவையில் இருக்கிற மாதிரிதான் தோன்றுகிறது.

பேர் தெரியாத விதைகள்

வருகிறவர்கள் பையில் ஏதாவது கொண்டு வருவார்கள். மேனேஜர் பிரபு அதை ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு வந்து நிற்பான். கீழ்பென்னாத்தூர்ப் பையன், வாய் ஜாஸ்தி.

"அக்கா, இது சியா."

"சியான்னா?"

"விதைக்கா."

"அது எனக்குத் தெரியாதா? இன்னா பண்ணும்?"

"அது உன் வேல. என் வேல எடுத்தாந்து குடுக்கறது."

பேர் தெரியாத பொருளைக் கண்டு நான் பயந்ததில்லை. எனக்கு ஒரு முறை உண்டு. கொஞ்சம் தண்ணீரில் போடு. கொஞ்சம் வெறும் சட்டியில் வறு. கொஞ்சம் பல்லில் வைத்துக் கடி. அது யார் வீட்டுப் பிள்ளை என்று அதுவே சொல்லிவிடும். சப்ஜா விதை தண்ணீரில் விழுந்ததும் உப்பும். சியா யோசித்து யோசித்து ஊறியது. கீன்வா என்று ஒன்று வந்தது, தினையைப் போல இருந்தது. கழுவினால் சோப்பு போட்ட மாதிரி நுரை. கடித்தேன், கசந்தது. நுரை நிற்கிற வரைக்கும் கழுவி வேகவைத்தேன், கசப்புப் போய்விட்டது. அதில் பொங்கல் செய்து கொடுத்தேன். கொண்டு வந்த அம்மாவே இப்படிச் சாப்பிட்டதில்லை என்றார்கள்.

முழுசாக இருக்கிற பொருளுக்கு முகம் இருக்கிறது. முகம் இருந்தால் விசாரித்துவிடலாம். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒரு இடத்தில் நான் விசாரிக்கவில்லை. யாருமே விசாரிக்கவில்லை.

ஹில்டா அம்மா

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஹில்டா அம்மா வந்தார்கள். பனி கொட்டுகிற ஊரில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர்கள். ஒல்லியான உடம்பு, தலையெல்லாம் பஞ்சு. சித்திரை வரைக்கும் தங்குவதாகத் திட்டம். ஒரே ஒரு கண்டிஷன், கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். அது சீக்கு, பிடிக்காது என்பது இல்லை என்று பிரபு விளக்கினான்.

"அரிசி திங்கற ஊருக்கு வந்துட்டு அந்தம்மா எதுக்குடா பயப்படணும்?" என்றேன்.

அவர்களுக்கென்று புதுச் சட்டி, புதுக் கரண்டி எடுத்து வைத்தேன். சப்பாத்தி சுடுகிற மூலையை விட்டுத் தள்ளி, தனி அடுப்பு. ரவை, சேமியா, மைதா எதுவும் பக்கத்தில் வராது. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, இட்லி. எதில் கோதுமை?

ஆனாலும் படுத்துவிட்டார்கள். வயிறு உப்பியது, போக்கு நிற்கவில்லை, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார்கள். என்னைப் பார்த்து, "அம்சா, வயிறு ரொம்பக் கோபம்" என்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

தண்ணீர் கேன் மாற்றினோம். டாக்டர் வந்தார், மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் தேறும், மறுபடியும் கவிழும். மற்ற ரூம்காரர்கள் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள். முதலாளி அதைப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில், அந்த அம்மா எதிரிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"அம்சா, கை கழுவிட்டுத்தான சமைக்கிற?"

"இன்னாங்க கேள்வி இது?"

"கேக்கறேன். சமைக்கறவ கை சுத்தமில்லன்னா வர்றவங்களுக்கு இப்படித்தான் ஆகும்."

பிறகு அதையே இங்கிலீஷில் அவர்களிடம் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஹில்டா அம்மாவின் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கைக்குப் போனது தெரிந்தது. ஐந்து பிள்ளைகளுக்கு ஊட்டிய கை. ஆயிரம் பேர் உட்கார்ந்த பந்திக்குப் பரிமாறிய கை. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிரபு ரப்பர் உறை கொண்டு வந்து நீட்டினான். "முதலாளி போட்டுக்கச் சொன்னாருக்கா."

"நான் இன்னா, ஆபரேஷனா பண்றேன்?"

"கோவப்படாதக்கா. அடுத்த மாசத்துக்குப் பாண்டிச்சேரியிலருந்து ஒரு செஃப்ப வரச் சொல்லிட்டாரு. அது வரைக்கும் சமாளி."

வேலை போனால் போகட்டும், ஊரில் அடுப்புக்கா பஞ்சம்? ஆனால் கை சுத்தமில்லாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு அந்தப் படி இறங்க முடியாது.

என் வீட்டுக் குழம்பு

ஹில்டா அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டு வாழைப்பழத்திலும் இளநீரிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. நான் நேராக அவர்கள் ரூமுக்குப் போனேன். பிரபுவை இழுத்துக்கொண்டு போனேன், பேசுவதற்கு ஆள் வேண்டுமே.

"அவங்ககிட்ட சொல்லு. என் வீடு பின்சந்துலதான் இருக்குது. என் வீட்டுக்கு வரட்டும். நான் திங்கறத திங்கட்டும். உறை போடாத கையாலதான் ஆக்கிப் போடுவேன். அப்பவும் வயிறு வலிச்சா நானே பஸ் ஏத்தி விட்டுட்டு, வேலைய விட்டுப் போயிடறேன்."

"அக்கா, இதெல்லாம் ரிஸ்க்குக்கா."

"சொல்லுடா."

சொன்னான். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்தத் தைரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சீக்கில் இருக்கிற உடம்பை நம்பி ஒருத்தியிடம் கொடுப்பது சின்ன விஷயமா?

என் வீட்டில் எப்போதும் செய்வதுதான். சோறு. மிளகாய் மல்லி வறுத்து அம்மியில் அரைத்து, பூண்டு உரித்துப் போட்ட கத்திரிக்காய்க் காரக்குழம்பு. காரம் மட்டும் கம்மி. முருங்கைக்கீரை. வறுத்த வேர்க்கடலையில் சட்னி. முதல் நாள் பயந்து பயந்து சாப்பிட்டார்கள். மறுநாள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கூப்பிடாமலே வந்தார்கள். மூன்று வேளையும் என் வீட்டிலேயே சாப்பாடு. வாரம் முடிவதற்குள் வயிற்று உப்பல் வடிந்தது, முகத்தில் ரத்தம் ஊறியது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பூண்டு உரித்தார்கள்.

பிரபு வாசலில் நின்று பார்த்தான். "உன் வீட்டுக் கொழாயில மினரல் வாட்டரா வருதுக்கா?"

"அதே டேங்க் தண்ணிடா. அதே கை. அதே கடை அரிசி."

சொன்ன பிறகு நானே நின்றுவிட்டேன். கையும் அதே, தண்ணீரும் அதே, அரிசியும் அதே. அப்புறம் எது வேறே?

"பிரபு, இங்க போடற பூண்டு அங்க கெடையாது. சரி. அங்க போடறதுல இங்க இல்லாதது இன்னா?"

"பக்தி."

"அடி வாங்குவ. காயம்டா. பெருங்காயம்."

எங்கள் வீடுகளில் பூண்டுதான் வாசனை. பெருங்காயம் வாங்குகிற பழக்கமே என் வீட்டில் இல்லை. அங்கேயோ பூண்டு கூடாது என்பதற்காகத் தொட்டதற்கெல்லாம் பெருங்காயம் போட்டோம். எல்லாவற்றையும் முழுசாக வாங்கி இடித்த நான், அதை மட்டும் தூளாக டப்பாவில் வாங்கினேன். எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

டப்பாவின் முதுகு

மளிகைக் கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "பெருங்காயத்துல இன்னாம்மா இருக்கும்? பெருங்காயம்தான் இருக்கும்."

டப்பாவின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. பிரபு போனில் போட்டோ எடுத்துப் பெரிசாக்கினான். படித்தான். மறுபடியும் படித்தான்.

"இன்னாடா?"

"கோந்து இருக்குது. கோதுமை மாவு இருக்குது. கடைசியாத்தான் பெருங்காயம் இருக்குது."

ஹில்டா அம்மா அந்த டப்பாவை வாங்கி அவர்களே படித்தார்கள். பிறகு கடைப்படியில் உட்கார்ந்து சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கட்டிப் பெருங்காயம் கேட்டேன். அந்தக் கடையில் இருந்த கட்டியிலும் அதேதான் எழுதியிருந்தது. கடைக்காரர் உள்ளே போய் அவர் அப்பாவைக் கூட்டி வந்தார். பெரியவர் சொன்னார்: "இது ஏமாத்து வேல இல்லம்மா. செடியிலருந்து வர்ற பால் நெருப்பு மாதிரி இருக்கும், அப்படியே போட முடியாது. மாவும் கோந்தும் கலந்துதான் அடக்கி விக்கறாங்க. சில பேரு அரிசி மாவுலயும் கலப்பாங்க. படிச்சுப் பாத்துத்தான் வாங்கணும்."

டப்பாவில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுத்து தெரியாத நானும் கேட்கவில்லை, எழுத்து தெரிந்தவர்களும் பார்க்கவில்லை. பெருங்காயத்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று சாயங்காலம் முதலாளியிடம் பிரபுதான் சொன்னான். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிம்மா, இனிமே பாத்து வாங்கிக்கலாம். செஃப்ப வேணாம்னு சொல்லிடறேன். நீயே சமை."

"சமைக்கறேங்க. ஆனா கை சுத்தமில்லன்னு அந்தம்மா எதிர்ல சொன்னீங்க. அப்படி இல்லன்னு அவங்க எதிர்லயே சொல்லணும்."

"அம்சா, அது ஏதோ..."

"இங்கிலீஷ்லயே சொல்லுங்க. அன்னிக்கும் அதுலதான சொன்னீங்க."

முதலாளி நல்ல மனுஷர்தான். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் எழுந்து நின்று சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அன்று பெருங்காயம் போடாத ரசம். மிளகும் சீரகமும் தட்டி, இஞ்சி சேர்த்து, நெய்யில் கறிவேப்பிலை தாளித்தேன். ஹில்டா அம்மா ரசத்தில் சோற்றைப் பிசைந்தார்கள், சரியாகப் பிசைய வரவில்லை. தட்டை என் பக்கம் நகர்த்தி, உள்ளங்கையை நீட்டினார்கள். நான் பிசைந்து ஒரு உருண்டை வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் நீட்டினார்கள். தட்டு காலியாகிற வரைக்கும் நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் வந்தார்கள், என் முட்டி வலி என்னை வேலையிலிருந்து நிறுத்துகிற வரைக்கும். நான் வறுக்க, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லியில் குச்சி பொறுக்க, வெளியே செங்கம் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்க, அப்படிப் போன காலைகள் எத்தனையோ. அந்த அடுப்படியை இப்போது இடித்துவிட்டுக் காபிக் கடை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆட்டோவில் போனால் என் மூக்கு மட்டும் தானாகத் தேடும்.

சமையல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத பொருள் வந்தால் பயப்படாதீர்கள், அதை எப்படியும் விசாரித்துவிடுவீர்கள். தினம் கை போகிற டப்பாவைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. முழுசாகக் கிடைப்பதை முழுசாக வாங்குங்கள். கழுவுங்கள், வறுங்கள், நீங்களே இடியுங்கள். தூளாகத்தான் கிடைக்கும் என்றால் டப்பாவின் முதுகைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

போதும், திவ்யா. இப்போது முதலிலிருந்து நிதானமாகப் படித்துக் காட்டு. நான் சொன்னது மட்டும்தான் இருக்கிறதா, நீ ஏதாவது கலந்திருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கிறேன்.