பிந்தாங்கின் வாயில் பச்சைக் கற்பூரம்

யாரும் கேளாதபோதும், சொன்னால் தனக்கே கேடு விளையும் என்று அறிந்தபோதும், உள்ளதைச் சொல்லிவிடுவதே வாய்மையின் உயர்ந்த படி. ஒரு சனிக்கிழமைக் காலை அந்தப் படியில் ஏறி நின்றவர் பிரிக்பீல்ட்ஸ் தம்புசாமி. குதிரைகளைத் தடை தாண்டப் பழக்குவது அவர் தொழில்.

ஓட்டப்பந்தயங்களில் இளமையைத் தீர்த்த குதிரைகள் சில, ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அப்பாலுள்ள தனியார் லாயம் ஒன்றுக்கு வந்து சேரும். தம்புசாமி அங்கேதான் வேலை பார்க்கிறார். பிந்தாங் என்னும் கருங்குதிரையும் அப்படி வந்ததே. லாடம் அடிக்க வந்த இருவரை உதைத்துத் தள்ளிய குதிரை அது. அதன் உரிமையாளர் பழனியப்பன் கிள்ளானில் லோரிகள் வைத்துத் தொழில் நடத்துபவர். பயனில்லாத எதையும் கொட்டகையில் நிறுத்தி வைக்கும் வழக்கம் அவருக்கில்லை. வேலிகளையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டி ஓடும் பந்தயம் ஒன்றை அந்த லாயத்தார் முதன்முறையாக நடத்தப் போவதாக அறிவித்தபோது, அவர் தம்புசாமியிடம் தம் முடிவைச் சொல்லிவிட்டார்.

“ஜெயிச்சா இருக்கட்டும் அண்ணே. இல்லன்னா டாக்டர கூப்பிட்டு ஊசி போட்டு முடிச்சிடலாம். இத வேற எவனும் எடுக்க மாட்டான்.”

அன்று முதல் தம்புசாமிக்கு உறக்கம் குறைந்தது. பிந்தாங்கைத் தொட்டு ஏறக் கூடியவள் கிள்ளானைச் சேர்ந்த குதிரையோட்டி எவலின் ஒருத்திதான். அவளை ஏற்றி, தாழ்ந்த வேலியிலிருந்து உயர்ந்த வேலிக்கு ஒவ்வொன்றாகப் பழக்கினார். விலக்கப்பட்ட மருந்துகளின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். கற்பூரம் கலந்த தைலமும் அவற்றுள் ஒன்று என்பதால், பந்தய வாரத்தில் தம் முழங்கால் வலிக்குக்கூட அதைத் தடவவில்லை. கையில் ஒட்டியது குதிரையின் உடம்பில் ஏறிவிடுமோ என்ற அச்சம்.

பந்தய நாள் விடிந்ததும் ஓடுதளத்தின் ஈரத்தைப் பார்க்கச் சென்றார். திரும்பி வந்து கடிவாளத்தைப் பூட்ட பிந்தாங்கின் வாயைத் திறந்தபோது, நெய்யோடு கலந்து பச்சைக் கற்பூரத்தின் மணம் எழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

லாயத்தின் வாயிலில் அவருடைய மனைவி சீதாலெட்சுமி வாழையிலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார்.

“பிரசாதங்க. சக்கரப் பொங்கல். ஒரு உருண்டதான் குடுத்தேன், நல்லா ஓடட்டும்னு.”

கணவர் முகம் மாறியதைக் கண்டு அவர் குரல் தாழ்ந்தது. வீட்டில் யார் எதற்குப் புறப்பட்டாலும் முதலில் பிரசாதம் கொடுப்பது அவர் வழக்கம். அன்று புறப்பட இருந்தது குதிரை.

எவலின் விவரம் அறிந்ததும் அக்கம்பக்கம் பார்த்துக் குரலை அடக்கினாள். “அங்கிள், கொஞ்சம்தானே. டெஸ்ட்ல வருமான்னே தெரியாது. ரேஸ் முடியட்டும்லா.”

தம்புசாமி குதிரையின் கழுத்தைத் தடவினார். ஊசி இறங்குகிற நரம்பு அவர் விரலின் கீழ் துடித்தது. சொன்னால் வெற்றி நிலைக்காது. வெற்றி இல்லையேல் இந்தத் துடிப்பும் இல்லை. கடிவாளத்தை எவலினிடம் கொடுத்துவிட்டு, பந்தய மருத்துவராக வந்திருந்த மலாய் அம்மையாரிடம் நடந்தார்.

அம்மையார் முழுவதும் கேட்டார். குதிரை ஓடலாம், அதற்குத் தடையில்லை. ஆயினும் வென்றால் அதன் சிறுநீரில் கற்பூரம் தனியே தேடப்படும், தென்பட்டால் வெற்றி செல்லாது என்றார். செய்தி பழனியப்பனுக்கும் எட்டியது.

“கேக்காத கேள்விக்கு எதுக்கு அண்ணே பதில் சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டு, அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

கொடி விழுந்தது. முதல் வேலியிலேயே பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த சாம்பல் குதிரை முந்தியது. பிந்தாங் சேற்றில் தயங்கித் தயங்கி ஓடிற்று. மரக்கட்டைகளைத் தாண்டிய பிறகே அதன் காதுகள் முன்னே நிமிர்ந்தன. நீர்ப்பள்ளத்தைத் தாண்டி இறங்கும்போது முன்கால் மடங்கியது. எவலினின் ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவியது. சீதாலெட்சுமி கண்களை மூடிக்கொண்டார். எவலின் பிடரிமயிரைப் பற்றித் தொங்கி, நிமிர்ந்து, நழுவிய காலை மீண்டும் அங்கவடியில் நுழைக்காமலே அடுத்த வேலியைத் தாண்டினாள். கடைசி வேலியில் இரு குதிரைகளும் ஒன்றாக எழுந்தன. இறங்கியபோது கருங்குதிரையின் கழுத்து முன்னே இருந்தது. எல்லைக்கோட்டிலும் அது பின்வாங்கவில்லை.

மற்றவர்கள் கைதட்டினர். தம்புசாமி பிந்தாங்கின் மேல் தண்ணீர் ஊற்றி, அதைச் சோதனைக்கான தனிக்கொட்டிலுக்கு நடத்திச் சென்று, அது சிறுநீர் கழிக்கும்வரை மெல்லச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார்.

சோதனை முடிவு வரச் சில நாள் ஆயிற்று. சீதாலெட்சுமி சோற்றைப் பிசைந்தபடியே அமர்ந்திருப்பார். தம்புசாமி ஒருமுறையும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டில் ரசத்தை ஊற்றி, சாப்பிடச் சொல்வார்.

பிறகு மருத்துவ அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். கற்பூரம் இருந்தது, வெற்றி சாம்பல் குதிரைக்குப் போயிற்று. அன்று மாலையே பழனியப்பனின் கார் லாயத்தில் வந்து நின்றது. தம்புசாமி பிந்தாங்கின் கொட்டிலை மறித்தாற்போல் நின்றார். அப்படி நிற்பதை அவர் உணரவில்லை.

பழனியப்பன் இறங்கிக் கொட்டிலின் அருகே வந்தார்.

“என் டிரைவருங்க லோரிய இடிச்சிட்டு, பெயின்ட் அடிச்சு மறைச்சு கொண்டாந்து விடுவானுங்க அண்ணே. எவனாவது போட்டுக்குடுத்தாதான் எனக்குத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே வந்து சொன்ன ஆளு.” கொட்டிலின் கம்பியைத் தட்டினார். “இருக்கட்டும். ஆனா நீங்கதான் பாத்துக்கணும், வேற ஆளுகிட்ட விடமாட்டேன். அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த வாட்டி பொங்கல எனக்குக் குடுக்கச் சொல்லி.”

தம்புசாமி தீவன வாளியை எடுத்துக்கொண்டு பிந்தாங்கின் அருகே போனார்.

அவர் மனையில் அடுப்பு குளிராதிருப்பதாக. அங்கே பரிமாறும் கையும் உண்ணும் வாயும் மனக்கலக்கமின்றி நெடுநாள் வாழ்க. திருமகளும் திருமாலும் அவ்வாசலை என்றும் மறவாதிருப்பாராக.